பழைய கேமிங் கணினியை எப்போது மேம்படுத்துவது? அளந்து பார்த்து முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

ஆறேழு ஆண்டுகளுக்கு முன் அசெம்பிள் செய்த கணினியில் புதிய விளையாட்டு ஒன்று தடுமாறத் தொடங்கியதும், பெரும்பாலானோர் உடனே கிராபிக்ஸ் கார்டுகளின் விலையைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தத் தேடலைச் சில நாள்கள் தள்ளிவைப்பது நல்லது. கணினியின் வயதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. 2017 மார்ச்சில் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கார்டு, தன் 11 ஜிபி நினைவகத்தின் துணையோடு பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டோ 4 ஜிபி நினைவகத்தையும் நான்கே பிசிஐஇ லேன்களையும் (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் தரவுப் பாதைகள்) மட்டுமே கொண்டிருந்ததால், பழைய மதர்போர்டில் அதைப் பொருத்தியவர்களுக்கு முதல் நாளிலேயே ஏமாற்றம் தந்தது. எந்த விளையாட்டை ஆடுகிறீர்கள், எந்த மானிட்டரில் ஆடுகிறீர்கள், எந்தப் பாகம் தடையாக நிற்கிறது என்ற மூன்றும் தெரிந்த பிறகே பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பேச்சு பொதுவாகப் போய்விடாமல் இருக்க, ஒரு கணினியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, 6 ஜிபி நினைவகமுள்ள ஜிடிஎக்ஸ் 1060 கார்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி), ஒரு ஹார்ட் டிஸ்க், 1080பி மானிட்டர் ஆகியவை கொண்ட, 2018-ஆம் ஆண்டுக்குரிய நடுத்தரக் கணினி அது. உங்களிடம் இருப்பது வேறாக இருந்தாலும் முறை ஒன்றுதான்.

முதல் படி: குறையைத் துல்லியமாக எழுதுங்கள்

"திணறுகிறது" என்று சொல்வது போதாது. ஆட்டம் முழுவதும் எஃப்பிஎஸ் (ஒரு நொடியில் திரையில் வரும் படங்களின், அதாவது ஃபிரேம்களின், எண்ணிக்கை) குறைவாகவே இருக்கிறதா, சராசரி நன்றாக இருந்தும் சில நொடிகளுக்கு ஒருமுறை காட்சி வெட்டி நிற்கிறதா, தொடக்கத்தில் சரியாக ஓடி அரை மணி நேரத்துக்குப் பின் மோசமாகிறதா, அல்லது இணையவழி ஆட்டங்களில் மட்டும் எதிராளி இடம்விட்டு இடம் தாவுகிறாரா என்று பிரித்து எழுதுங்கள். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் இணைய இணைப்பின் குறை. எந்தக் கார்டும் அதைத் தீர்க்காது. மற்ற மூன்றும் வெவ்வேறு பாகங்களைச் சுட்டுபவை.

அடுத்து, உங்கள் இலக்கை எண்ணாக எழுதுங்கள். 60 எஃப்பிஎஸ் வேண்டும் என்றால் ஒவ்வொரு ஃபிரேமையும் 16.7 மில்லிநொடிக்குள் கணினி தயாரிக்க வேண்டும். 144 எஃப்பிஎஸ் என்றால் 6.9 மில்லிநொடிதான் கிடைக்கும். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் வகையாக (நொடிக்கு 60 முறை மட்டும் காட்சியைப் புதுப்பிப்பதாக) இருக்கும்போது 120 எஃப்பிஎஸ் தரும் கார்டை வாங்கினால், கூடுதல் ஃபிரேம்களில் பெரும்பகுதியை நீங்கள் பார்க்கவே போவதில்லை. என் கருத்தில், கார்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியது மானிட்டர்தான். கார்டை வாங்கிவிட்டு அதற்கு ஏற்ற மானிட்டரைத் தேடுவது செலவை இரட்டிப்பாக்கும் வழி.

இரண்டாம் படி: செலவில்லாத பழுதுகளை நீக்குங்கள்

ஆண்டுக்கணக்கில் திறக்கப்படாத கேபினட்டில் ஹீட்சிங்க்கின் இடுக்குகளைத் தூசி அடைத்திருக்கும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, புளோயரால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். அதன் பின் எச்டபிள்யூஇன்ஃபோ என்னும் இலவச மென்பொருளை ஓடவிட்டு, அரை மணி நேரம் விளையாடி வெப்பநிலையைப் பாருங்கள். இன்டெல் பிராசசர்கள் பல 100 டிகிரி செல்சியஸை ஒட்டியும், ரைசன் பிராசசர்கள் வகைக்கேற்ப 90 முதல் 95 டிகிரியை ஒட்டியும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். என்விடியா கார்டுகள் பலவற்றில் இந்த எல்லை 83 டிகிரி அளவிலேயே வந்துவிடுகிறது. தொடக்கத்தில் நன்றாக ஓடிப் பின்னர் மோசமாகும் கணினியில் முதலில் ஐயப்பட வேண்டியது இதைத்தான். தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே பல வேளைகளில் தீர்ந்துவிடும். இந்தச் சோதனையை மார்கழி இரவில் செய்துவிட்டுச் சித்திரை நண்பகலுக்கும் அது பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. அறையின் வெப்பம் பத்து டிகிரி கூடினால் உள்ளே இருக்கும் பாகங்களின் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவு கூடும்.

ரேமையும் சரிபாருங்கள். டாஸ்க் மேனேஜரின் மெமரி பகுதியில் அதன் வேகம் காட்டப்படும். 3200 என்று அச்சிட்ட டிடிஆர்4 ரேம் அங்கே 2133 அல்லது 2400 என்று காட்டினால், பயாஸில் (கணினி தொடங்கும்போது இயங்கும் மதர்போர்டின் மென்பொருள்) ரேமை அச்சிட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி என்னும் அமைப்பு இயக்கப்படவில்லை என்று பொருள். கடையில் அசெம்பிள் செய்து வாங்கியவர்களின் கணினிகளில் இதை அடிக்கடி காணலாம். இயக்கிய பின் கணினி நிலைதடுமாறினால் ஒரு படி கீழே இறக்கிக்கொள்ளுங்கள். ஒரே ரேம் மட்டும் பொருத்தப்பட்டிருந்தால் பிராசசருக்கும் ரேமுக்கும் இடையிலான தரவுப் பாதை பாதியாகிவிடுகிறது. அதே அளவுள்ள இன்னொன்றைச் சேர்த்து, நான்கு ஸ்லாட்டுள்ள மதர்போர்டுகளில் பொதுவாகப் பிராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதிலும் நான்காவதிலும் பொருத்த வேண்டும்.

இன்னும் இரண்டு சிறு சோதனைகள் உண்டு. மானிட்டரின் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா, மதர்போர்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர்கள், விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் அது 60-இலேயே விடப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், புதிய கார்டு வாங்கிய பின்னர்தான் இதைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

மூன்றாம் படி: அளவெடுங்கள்

இந்தப் படியை அவசரமின்றிச் செய்ய வேண்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்னும் மென்பொருளை நிறுவினால், அதனோடு வரும் ரிவாட்யூனர் வழியாக, விளையாடும்போதே திரையின் மூலையில் எண்களைக் காணலாம். கார்டு வேறு நிறுவனத்துடையதாக இருந்தாலும் இது வேலை செய்யும். கார்டின் பயன்பாட்டு விழுக்காடு, கார்டின் நினைவகப் பயன்பாடு, பிராசசரின் ஒவ்வொரு திரெட்டின் (அது ஒரே நேரத்தில் நடத்தும் வேலைத் தொடர்களில் ஒன்று) பயன்பாடு, ரேம், எஃப்பிஎஸ், ஃபிரேம் நேரம் ஆகியவற்றைக் காட்டச் செய்யுங்கள். வி-சிங்க்கையும் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் அமைப்பு) எஃப்பிஎஸ் வரம்பையும் கட்டாயம் நிறுத்திவிட வேண்டும். வரம்பு இயங்கும்போது கார்டு வேண்டுமென்றே ஓய்வெடுக்கும், அதைப் பார்த்துப் பிராசசர்தான் தடை என்று தவறாகத் தீர்மானித்துவிடுவோம்.

நீங்கள் உண்மையில் ஆடும் விளையாட்டில், உங்களுக்குத் தொல்லை தரும் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுச் சுவரைப் பார்த்து நிற்கும்போது கிடைக்கும் எண்ணால் எந்தப் பயனும் இல்லை. கூட்டமான தெரு, பெரிய சண்டை, வேகமான வண்டி ஓட்டம் போன்ற இடங்களில்தான் கணினியின் பலவீனம் தெரியும். ஒரே காட்சியைச் சிலமுறை ஓட்டி எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி எஃப்பிஎஸ்ஸோடு, மிக மெதுவான 1 விழுக்காட்டு ஃபிரேம்களின் அளவையும் குறிக்க வேண்டும், ஏனெனில் சராசரி 70 என்றிருந்தும் அந்த எண் 25 என்றிருந்தால் கண்ணுக்குத் தெரிவது அந்த 25-தான்.

இனி எண்களைப் படிக்கும் முறைக்கு வருவோம். கார்டின் பயன்பாடு தொடர்ந்து 97, 98 விழுக்காட்டில் நின்றால் தடை கார்டில் இருக்கிறது. அது 60 அல்லது 70 விழுக்காட்டில் ஊசலாட, எஃப்பிஎஸ் மட்டும் உயர மறுத்தால் தடை பெரும்பாலும் பிராசசரில் இருக்கிறது. இங்கே புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பிராசசரின் மொத்தப் பயன்பாடு 45 விழுக்காடு என்று காட்டுவதால் அது சும்மா இருக்கிறது என்று கருதிவிடுகிறார்கள். விளையாட்டின் முதன்மை வேலை பிராசசரின் ஓரிரு கோர்களில்தான் (அதனுள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) நடக்கும். அந்தக் கோர்கள் முழுமையாக நிரம்பிவிட்டால், மற்றவை சும்மா இருந்தும் பயனில்லை.

ஐயம் தீர எளிய வழி, ரெசல்யூஷனை (காட்சியில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை) குறைத்துப் பார்ப்பது. 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்கியதும் எஃப்பிஎஸ் நன்றாகக் கூடினால் கார்டுதான் தடை. அசையாமல் அதே இடத்தில் நின்றால் பிராசசரோ ரேமோதான் காரணம். அந்த நிலையில் எவ்வளவு விலை உயர்ந்த கார்டை வாங்கினாலும் எஃப்பிஎஸ் ஏறாது. கவுன்டர்-ஸ்டிரைக் 2, வேலரன்ட் போன்ற போட்டி விளையாட்டுகளைக் குறைந்த செட்டிங்ஸில் ஆடுபவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே நிலை.

கார்டின் நினைவகம் நிரம்பி வழிவதற்குத் தனி அடையாளங்கள் உள்ளன. சுவர்களும் முகங்களும் மங்கலாகத் தோன்றித் தாமதமாகத் தெளியும், திரும்பும்போதெல்லாம் காட்சி வெட்டும், டாஸ்க் மேனேஜரில் ஷேர்டு ஜிபியு மெமரி (கார்டு கடன் வாங்கும் ரேம்) ஏறிக்கொண்டே போகும். டெக்ஸ்ச்சர் (பரப்புகளின் மேல் போர்த்தப்படும் படங்கள்) தரத்தை ஒரு படி குறைத்ததும் இவை மறைந்தால் நோய் அதுதான். 6 ஜிபி கார்டு வைத்திருப்பவர்கள் பலர், வேகக் குறைவுக்கு முன்பே இந்த எல்லையில்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து விளையாடுகிறீர்கள் என்றால் மேலே உள்ள எண்களைப் பார்ப்பதற்கு முன்பே எஸ்எஸ்டி வாங்கிவிடலாம். 2023-இல் வந்த ஸ்டார்ஃபீல்டு போன்ற விளையாட்டுகள் எஸ்எஸ்டியைக் குறைந்தபட்சத் தேவையாகவே கேட்கின்றன. எஸ்எஸ்டிகளில் சாட்டா வகைக்கும் அதைவிட வேகமான என்விஎம்இ வகைக்கும் இடையே விளையாட்டில் தெரியும் வேறுபாடு சிறிதுதான். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இவற்றில் எதற்கு மாறினாலும் மாற்றம் பெரிது. ஒரு வகை வெட்டு மட்டும் எந்தப் பாகத்தை மாற்றினாலும் முழுமையாக நீங்காது: விளையாட்டு ஓடும்போதே ஷேடர்களை (காட்சியை வரையக் கார்டுக்குத் தரப்படும் சிறு நிரல்கள்) தொகுப்பதால் வருவது. அன்ரியல் எஞ்சினில் உருவான விளையாட்டுகள் சிலவற்றில் இது மிகுதி. ஓர் இடத்துக்கு முதன்முறை போகும்போது மட்டும் வெட்டி, மறுமுறை வெட்டாமல் இருந்தால் பழியைக் கணினியின் மேல் போடாதீர்கள்.

நான்காம் படி: வேகத்தோடு தொடர்பில்லாத காலக்கெடுக்கள்

சில வேளைகளில் கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்கான ஆதரவு நின்றுவிடும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. தனிநபர்களுக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அம்சம் தேவை, பிராசசர் பொதுவாக இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ, ரைசனில் 2000 வரிசையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டுக் கணினியின் ரைசன் 5 2600 இந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. 2017-இல் வந்த கோர் ஐ7-7700கே, வேகத்தில் அதற்குப் பெரிதும் சளைக்காதது என்றாலும், அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை.

கிராபிக்ஸ் கார்டிலும் இதே கதைதான். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கான கேம் ரெடி டிரைவர்களை (புதிய விளையாட்டுகளுக்கு ஏற்றபடி வரும் கார்டு மென்பொருள்) 2025 அக்டோபரோடு நிறுத்துவதாகவும், 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் வெளியிடுவதாகவும் என்விடியா அறிவித்தது. இதனால் ஜிடிஎக்ஸ் 1060 ஒரே நாளில் வீணாகிவிடாது; பழைய விளையாட்டுகள் முன்போலவே ஓடும். ஆனால் 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் ஆகியவை, கார்டின் வன்பொருளிலேயே ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை) இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகின்றன. அத்தகைய விளையாட்டு உங்கள் விருப்பப் பட்டியலில் இருந்தால் செட்டிங்ஸைக் குறைத்துச் சமாளிக்கும் வழி கிடையாது.

செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டுமே கணினி தொடங்க விடும் பாதுகாப்பு அமைப்பு) கேட்கும் விளையாட்டுகளுக்குப் பெரும்பாலும் புதிய பாகம் எதுவும் தேவைப்படாது. 2025-இல் வந்த பேட்டில்ஃபீல்டு 6 அவற்றுள் ஒன்று. பழைய முறையில் விண்டோஸ் நிறுவப்பட்டிருந்தால் டிஸ்க் எம்பிஆர் என்னும் பழைய பகுப்பு வடிவத்தில் இருக்கும். முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் சேமித்துவிட்டு, விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் அதைப் புதிய ஜிபிடி வடிவத்துக்கு மாற்றி, பிறகு பயாஸில் யுஇஎஃப்ஐ என்னும் புதிய தொடக்க முறைக்கு மாறிச் செக்யூர் பூட்டை இயக்கலாம். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் விண்டோஸ் தொடங்காமல் நின்றுவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: உங்கள் மதர்போர்டு இன்னும் இடம் கொடுக்கிறதா?

செலவைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (மதர்போர்டில் பிராசசர் பொருந்தும் இடம்) மிக நீண்ட காலம் நீடித்தது. 2017-இல் ரைசன் 1000 வரிசையோடு பரவிய அந்தச் சாக்கெட்டுக்கு, 2022 ஏப்ரலில் ரைசன் 7 5800எக்ஸ்3டி வந்தது, அதன் பிறகும் பிராசசர்கள் வந்தன. ஆகவே நம் பி450 மதர்போர்டில் பயாஸைப் புதுப்பித்தால், ரேமையும் மதர்போர்டையும் தொடாமல் ரைசன் 5 5600 அல்லது ரைசன் 7 5700எக்ஸ் பொருத்திக்கொள்ளலாம். பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். மின்வெட்டு வரக்கூடிய நேரத்தில், யுபிஎஸ் இல்லாமல் அந்த வேலையில் இறங்காதீர்கள்.

இன்டெல்லின் ஐ7-7700கே வைத்திருப்பவரின் நிலை வேறு. எட்டாம் தலைமுறைப் பிராசசர்களுக்கும் அதே எல்ஜிஏ1151 சாக்கெட்தான் என்றாலும், 200 வரிசை மதர்போர்டுகளில் அவற்றுக்கு ஆதரவு இல்லை. பிராசசரை மாற்ற வேண்டுமானால் மதர்போர்டும் சேர்ந்து மாறும். அப்போதும் எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டியதில்லை: பன்னிரண்டாம் தலைமுறை இன்டெல்லுக்கு டிடிஆர்4 ஏற்கும் பி660, பி760 மதர்போர்டுகள் உண்டு, ஏஎம்4-இல் பி550 உண்டு. 2025-இன் இறுதி மாதங்களில் ரேம் விலை கடுமையாக ஏறிய பிறகு, கையில் இருக்கும் டிடிஆர்4 ரேமைத் தக்கவைக்கும் இவ்வழிக்கு முன்பைவிட மதிப்பு கூடியிருக்கிறது. ஏஎம்5 சாக்கெட்டுக்குப் போனால் டிடிஆர்5 கட்டாயம்.

கார்டை மாற்றும்போது பிசிஐஇ லேன்களையும் கவனிக்க வேண்டும். பி450-இல் எந்தப் பிராசசரைப் போட்டாலும் கார்டுக்குக் கிடைப்பது பிசிஐஇ 3.0 தான். ஆர்டிஎக்ஸ் 4060, 5060, ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்டுகள் எட்டு லேன்களை மட்டுமே பயன்படுத்துகின்றன. பழைய பிசிஐஇ-யில் அவற்றுக்குச் சாதாரணமாகச் சிறு இழப்புதான் ஏற்படும், ஆனால் கார்டின் நினைவகம் நிரம்பியதும் இழப்பு பெரிதாகிவிடுகிறது. எனவே இத்தகைய கணினிக்கு, பதினாறு லேன்களும் கூடுதல் நினைவகமும் கொண்ட ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியின் 16 ஜிபி வகையையோ, செலவைக் குறைக்க வேண்டுமானால் செகண்ட் ஹேண்டில் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060-ஐயோ முதலில் பரிசீலிப்பேன்.

ஆறாம் படி: முடிவெடுத்தல்

எடுத்துக்காட்டுக் கணினியின் உரிமையாளர் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் போட்டி விளையாட்டுகளை மட்டும் ஆடுபவர் என்றால், அவருக்கு வேண்டியது பிராசசர். கதை நிரம்பிய பெரிய விளையாட்டுகளை 60 எஃப்பிஎஸ்ஸில் ஆட விரும்புபவர் என்றால் கார்டும் எஸ்எஸ்டியும். பிராசசரை ஓராண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். பழைய விளையாட்டுகளையே திரும்பத் திரும்ப ஆடுபவருக்குத் தூசி தட்டுவதும் விண்டோஸ் 11-க்கு மாறுவதும் போதும். இன்னும் வெளிவராத விளையாட்டுக்காக இன்றே செலவழிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அது வரும்போது அதே பணத்துக்குப் பெரும்பாலும் இன்னும் நல்ல பாகம் கிடைக்கும். (ரேம் இதற்கு விதிவிலக்கு என்பதை அண்மைக்கால விலைகள் காட்டிவிட்டன.)

மதர்போர்டு, பிராசசர், கார்டு, எஸ்எம்பிஎஸ் நான்கையும் மாற்ற வேண்டும் என்று கணக்கு வந்தால் அது மேம்படுத்துதல் ஆகாது, புதிய கணினிதான். பாகங்களின் செலவு, உத்தரவாதத்தோடு கூடிய புதிய கணினியின் விலையில் பாதியைத் தாண்டிவிட்டாலே நான் இரண்டாவதன் பக்கம் சாய்வேன். பழைய கணினியை ஓடும் நிலையில் விற்றால் கிடைக்கும் தொகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மதர்போர்டை மாற்றுபவர்கள் விண்டோஸ் உரிமத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் பழைய மதர்போர்டோடு நின்றுவிடும், தனியாக வாங்கிய ரீட்டெயில் உரிமத்தை மாற்றிக்கொள்ளலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் சிக்கனம் கூடாது. ஜிடிஎக்ஸ் 1060-க்குத் தேவையான மின்திறன் 120 வாட்; ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட். பெயர் தெரியாத நிறுவனத்தின் எட்டு ஆண்டுப் பழைய 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை நம்பிப் புதிய கார்டைப் பொருத்துவது துணிச்சலான செயல். 80 பிளஸ் முத்திரை மின்சாரத்தை வீணாக்காத திறனை மட்டுமே சொல்கிறது. பாதுகாப்புக்கு அது சான்றாகாது. விளையாட்டின் நடுவே கணினி திடீரென அணைந்து மறுதொடக்கம் ஆகிறது என்றால், வெப்பநிலையைப் பார்த்த கையோடு அடுத்து ஐயப்பட வேண்டியது இதைத்தான்.

சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குபவர்கள், பில்லின் தேதியையும் உத்தரவாதம் பெயர் மாற்றிக் கிடைக்குமா என்பதையும் கேட்டுவிட்டு, கண்ணெதிரே அரை மணி நேரம் விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். ஜிபியு-இசட் என்னும் சிறிய மென்பொருளைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள்: பழைய சிப்பை வைத்துப் புதிய பெயரில் விற்கப்படும் போலிக் கார்டுகள் பலவற்றை அது காட்டிக்கொடுத்துவிடும். ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி, குறைந்த திறனுடைய 2048எஸ்பி வகையைத் தருவதும் நடக்கிறது. ஜிபியு-இசட்டில் ஷேடர்களின் (இங்கே, கார்டின் சிப்பில் உள்ள கணக்கிடும் அலகுகள்) எண்ணிக்கை 2304 என்று இருந்தால்தான் அது முழுமையான ஆர்எக்ஸ் 580.

புதிய பாகத்தைப் பொருத்தியதும் முன்பு அளவெடுத்த அதே காட்சியை, அதே செட்டிங்ஸில் மீண்டும் ஓட்டி எண்களை ஒப்பிடுங்கள். கார்டை ஏஎம்டியிலிருந்து என்விடியாவுக்கோ மறுதலையாகவோ மாற்றியிருந்தால், பழைய டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) அதை அடியோடு நீக்கும் டிடியு மென்பொருளால் முழுவதும் நீக்கிவிட்டுப் புதியதை நிறுவிய பிறகே அளவெடுக்க வேண்டும். எதிர்பார்த்த ஏற்றம் இல்லையென்றால், பொருளைத் திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் அதைக் கண்டறிவது முக்கியம். அதுவரை பெட்டியையும் பில்லையும் பழைய பாகத்தையும் கைவசம் வைத்திருங்கள்.